பழைய பஜிரோவும் மாரிகால வட்டை வழியும்



படுவான்கரையில் காணியும் எழுவான்கரையில் குடியிருப்புமாக வாழும் ஒரு விவசாயக் குழுவினர், பெரும்போக விதைப்புக்கு முன்னர் என்னைத் தேடி வந்தனர். இவர்களைப் போன்ற குடும்பங்கள் மட்டக்களப்பு வாவியின் ஓரமெங்கும் உண்டு. 1990இலும் பின்னர் 2007 மார்ச்சிலும் இடம்பெயர்ந்தவர்களுள் பலர் ஊர் திரும்பினர். சிலரால் திரும்ப முடியவில்லை. ஆனால் வயலைக் கைவிட எவரும் விரும்பவில்லை. விதைக்காத காணி நாளடைவில் காடாகிவிடும். காடான காணிக்கு உரிமை கேட்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

ஆகவே மாரி முழுவதும் இவர்கள் வாடிகளில் தங்கிக் காவல் செய்கின்றனர். தார் வீதி முடியும் இடத்திலிருந்து இவர்களது வட்டைக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் மண்வழி. கோடையில் அதில் மோட்டார் சைக்கிள் ஓடும். மாரியில் கால்நடையாகப் போவதே பெரும்பாடு. பாம்பு கடித்தாலும் வயிற்றுவலி வந்தாலும் அந்த ஐந்து கிலோமீற்றர்தான் உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள தூரம்.

இந்நிலையில் நலன்விரும்பி ஒருவர் தாம் பாவித்த பழைய பஜிரோ ஜீப்பைக் குறைந்த விலைக்குக் குழுவுக்குத் தர முன்வந்தார். "வண்டி நல்லம் பாதர். ஆனா மாரிக்கு நம்மட வட்டைக்குப் போகுமா?" என்று குழுத் தலைவர் கேட்டார். அருகில் நின்ற இளைஞர்களோ, பெரிய சில்லுப் பூட்டி, உயரமாகத் தூக்கிவிட்டால் எங்கும் போகும் என்றனர்.

போகும் என்றோ போகாது என்றோ உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவேன். அக்குழுவினரும் ஒரு மெக்கானிக்கும் நானும் சேர்ந்து அந்த வண்டியைப் படித்தோம், சிறிது மாற்றினோம், படிப்படியாகச் சோதித்தோம். அதிலிருந்து கற்றவற்றையே இங்கு பாடமாகத் தருகிறேன். உங்களிடம் ஜீப் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பழைய உழவு இயந்திரமோ, நீரிறைக்கும் இயந்திரமோ, தோணி எஞ்சினோ வாங்கும்போதும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

1. முதலில் வேலையைத் தீர்மானிப்போம்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். நாங்களும் முதலில் உட்கார்ந்தோம். இந்த வண்டி என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். நெல் ஏற்ற வேண்டும், பசளை கொண்டுபோக வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு விட வேண்டும், கலியாண வீட்டுக்குப் போக வேண்டும், நோயாளியைக் கொண்டுவர வேண்டும் என்று பட்டியல் நீண்டது.

ஒரு வண்டி எல்லா வேலையும் செய்யாது. நெல் மூட்டை ஏற்றுவதற்கு லான்ட் மாஸ்டரும் பெட்டி பூட்டிய உழவு இயந்திரமும் இருக்கின்றன. அவை மெதுவாகப் போனாலும் சேற்றுக்கென்றே ஆனவை; செலவும் குறைவு. பஜிரோ ஆட்களை ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது.

நோயாளி விடயத்தில் இப்போது ஒரு நல்ல மாற்றம் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் வருகிறது. ஆனால் அது வீதி உள்ள இடம்வரைதான் வர முடியும். வாடியிலிருந்து அந்த வீதிவரை நோயாளியைக் கொண்டுவருவது நமது பொறுப்பு. ஆகவே குழு இவ்வாறு தீர்மானித்தது: வட்டைக்கும் தார் வீதிக்கும் இடையிலான ஐந்து கிலோமீற்றரில் மனிதரையும், அவசரப் பொருட்களையும் கொண்டுபோய்க் கொண்டுவருவதே இவ்வண்டியின் வேலை. இதன் பின்னர் எழுந்த எல்லாக் கேள்விகளுக்கும் இந்தத் தீர்மானத்தைக் கொண்டே பதில் தேடினோம்.

2. தரையைப் படிப்போம்

எமது பகுதியில் ஒரு வண்டி மூன்று வகைத் தரையைச் சந்திக்கிறது. முதலாவது, கடலோர ஊர்களின் வெள்ளை மணல். இதில் சில்லு புதையும். இரண்டாவது, வாவி ஓரத்துச் சுரி. மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் கீழே ஆழமான சேறு இருக்கும். இதில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது. மூன்றாவது, வயல் வழியின் களிமண். இது நனைந்தால் வழுக்கும். டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு டயரை மொட்டையாக்கும். ஆனால் பலகாலம் உழுத வயலிலும், பலகாலம் வண்டி ஓடிய தடத்திலும் மேற்சேற்றின் கீழே இறுகிய தரை ஒன்று இருப்பதுண்டு. சில்லு அந்த இறுகிய தரையைத் தொட்டால் வண்டி நகரும்.

ஒரு தடியுடன் வழி முழுவதையும் நடந்து பாருங்கள். தடி எவ்வளவு இறங்குகிறது என்று ஐம்பது அடிக்கு ஒருமுறை குறித்துக் கொள்ளுங்கள். நாங்கள் அவ்வாறு நடந்தபோது, ஐந்து கிலோமீற்றரில் உண்மையான சிக்கல் நானூறு மீற்றர் அளவான ஒரு தாழ்ந்த பகுதியில்தான் உண்டு என்று கண்டோம். இதை நினைவில் வைத்திருங்கள். முடிவில் மீண்டும் இதற்கு வருவேன்.

இன்னொரு எச்சரிக்கை. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அபாயம் நீங்கிய மாவட்டமாக 2017இல் அறிவிக்கப்பட்டது. எனினும் பழைய முகாம் அமைந்திருந்த இடங்களிலும் பற்றைகளிலும் புதிய தடம் வெட்ட வேண்டாம். இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள். வழக்கமான வழியை விட்டு விலகி மற்றவரின் வரம்பை மிதித்து ஓடுவதும் தவறு. ஒருவரின் வரம்பு உடைந்தால் அவருடைய போகமே பாதிக்கப்படும்.

3. வண்டியைப் படிப்போம்

மிட்சுபிஷி நிறுவனம் பஜிரோவை 1982இல் விற்பனைக்கு விட்டது. இரண்டாம் தலைமுறை வண்டி 1991இல் வந்தது. எமது நாட்டில் ஒரு காலத்தில் பஜிரோ என்றால் மந்திரி வருகிறார் என்றே பொருள். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரண நிறுவனங்களோடு நான்கு சில்லு இயக்க வாகனங்கள் பலவும் எமது கரைக்கு வந்தன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்ததால், இருபது முப்பது வயதான வண்டிகளும் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன.

பளபளப்பான தோலின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலிரு தலைமுறைப் பஜிரோக்களில், லொறியில் உள்ளதுபோல, ஏணி வடிவான இரும்புச் சட்டகத்தின் மேல் உடல் பொருத்தப்பட்டிருக்கும். 1999இல் வந்த மூன்றாம் தலைமுறையில் அச்சட்டகம் உடலோடு ஒன்றாக்கப்பட்டது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் தலைமுறை வண்டி. கீழே படுத்துச் சட்டகத்தைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினோம். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும்; துருத் தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். எமது உப்புக் காற்றில் இது முதற் சோதனை. சட்டகம் இற்றுப்போயிருந்தால் வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

அடுத்தது எஞ்சின். இவ்வண்டிகளில் பரவலான 2.5 லீற்றர் டீசல் எஞ்சினின் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. மிகைச்சூடு ஏறினால் வெடிப்பு விழும். சேற்றில் சிறு கியரில் மெதுவாக இழுக்கும்போதுதான் சூடு அதிகம் ஏறுகிறது. எனவே ரேடியேற்றர், தண்ணீர்ப் பம்பி, விசிறி ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் உடனே மாற்றுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சின் பெரும் செலவு வைக்கும்.

மூன்றாவது, நான்கு சில்லு இயக்கம். சாதாரண வண்டியில் எஞ்சினின் வலு இரண்டு சில்லுகளுக்கே போகிறது. டிபரன்ஷல் என்ற பற்சில்லுப் பெட்டி, வளைவில் இரு பக்கச் சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தருகிறது. ஆனால் ஒரு சில்லு சேற்றில் வழுக்கினால் அந்தச் சில்லே வீணாகச் சுழலும். தரையைப் பற்றியிருக்கும் மறு சில்லு அசையாது. நான்கு சில்லுக்கும் வலுவைக் கொடுத்து, நடுப்பூட்டையும் போட்டால், முன்னச்சும் பின்னச்சும் சேர்ந்து இழுக்கும். அப்போதும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரு சில்லுகள் ஒரே நேரத்தில் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டி சிக்காது என்று நினைப்பது பிழை. சற்றுத் தூரம் கூடப் போய்ச் சிக்கும், அவ்வளவுதான்.

நடுப்பூட்டைத் தார் வீதியில் போடக் கூடாது. போட்டு ஓடினால் பற்சில்லுகள் ஒன்றையொன்று முறுக்கித் தேயும். தாழ்ந்த வீச்சுக் கியரைச் சேற்றுக்குள் இறங்குவதற்கு முன்பே போட வேண்டும். இறங்கிச் சிக்கிய பின்பு அல்ல.

4. பெரிய சில்லு நல்லதா?

இளைஞர்கள் இதையே திரும்பத் திரும்பக் கேட்டனர். முதலில் கணக்கைப் பார்ப்போம். எங்கள் வண்டியில் இருந்த டயரின் குறுக்களவு ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர். 31 அங்குல டயர் பூட்டினால் அது 79 சென்ரிமீற்றர் ஆகும். குறுக்களவு நான்கு கூடினாலும் அச்சு உயர்வது அதில் பாதி, அதாவது இரண்டு சென்ரிமீற்றருக்கு உட்பட்டதே. 33 அங்குல டயர் பூட்டினால் நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் உயரும். அதற்காகச் சில்லு வளைவை வெட்ட வேண்டும். எஞ்சினின் இழுவை குறையும். பிறேக் பிடிக்கும் தூரம் கூடும். அச்சுக்கும் டிபரன்ஷலுக்கும் பாரம் ஏறும்.

இப்பாடத்தை வேறொரு நாட்டில் வேறு சிலர் பெருஞ்செலவில் கற்றனர். 1970இல் பிரித்தானியாவில் ரேஞ்ச் ரோவர் என்ற வசதியான நான்கு சில்லு இயக்க வண்டி வெளிவந்தது. அதனைச் சோதிக்கவும் விளம்பரப்படுத்தவும் ஒரு பயணம் ஒழுங்கு செய்யப்பட்டது. ஜோன் பிளாஷ்போர்ட்-ஸ்னெல் என்ற இராணுவ அதிகாரியின் தலைமையில் இரண்டு ரேஞ்ச் ரோவர்கள் 1971 டிசம்பரில் அலாஸ்காவில் புறப்பட்டு, 1972 ஜூனில் தென்னமெரிக்காவின் தென்கோடியை அடைந்தன. நடுவில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டேரியன் என்ற, வீதியே இல்லாத காடும் சதுப்பு நிலமும் கிடக்கிறது. அதற்காக அவ்வண்டிகளுக்கு மிகப் பெரிய சதுப்பு நில டயர்களைப் பூட்டினார்கள். பாரமும் அதிகமாக ஏற்றினார்கள். என்ன நடந்தது? டயர்கள் சேற்றைப் பற்றின. ஆனால் அந்த முறுக்கைத் தாங்காமல் டிபரன்ஷல்கள் உடைந்தன. பயணம் நின்றது. உதிரிப் பாகங்களை வெளியிலிருந்து தருவிக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் அங்கேயே வாங்கிய பழைய, எளிய லான்ட் ரோவர் ஒன்று முன்னால் சென்று வழி திறக்க உதவியது.

ஓரிடத்தில் பலத்தைக் கூட்டினால், அந்தப் பாரம் அடுத்த பலவீனமான இடத்தில் போய் விழும் என்பதே இதன் பொருள். அவர்களுக்கு விமானத்தில் உதிரிப் பாகம் வந்தது. நமக்கு யார் அனுப்புவார்? பஜிரோவின் உற்பத்தியும் 2021இல் நின்றுவிட்டது. ஆகவே வண்டிக்கு உரிய அளவிலேயே, ஆழமான பள்ளங்கள் கொண்ட சேற்று டயர்களை நாங்கள் தெரிவு செய்தோம்.

5. நாங்கள் செய்த மாற்றங்கள்

முதலில் கழற்றினோம். பக்கத்துப் படி வரம்பில் தட்டும், கழற்றினோம். நிலத்துக் கம்பளம் ஈரத்தை உறிஞ்சித் தகட்டைத் துருவாக்கும்; எடுத்துவிட்டோம். மேலே கூறிய முதல் ரேஞ்ச் ரோவர்களின் உட்புறமே தண்ணீர் ஊற்றிக் கழுவும் விதமாகத்தான் செய்யப்பட்டிருந்தது. கூரைத் தட்டையும் கழற்றினோம். உயரத்தில் பாரம் வைத்தால் சரிவில் வண்டி கவிழும்.

அடுத்ததாக, அச்சுகளுக்கு மூச்சு விடுவதற்கு உள்ள சிறு துவாரங்களைக் கவனித்தோம். ஓடிச் சூடான அச்சு தண்ணீரில் இறங்கியதும் குளிரும். உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் பால்போல வெளுக்கும், பற்சில்லுகள் கெடும். இத்துவாரங்களுக்கு றப்பர்க் குழாய் பொருத்தி எஞ்சின் மூடியின் உயரத்துக்குக் கொண்டுபோனோம். செலவு மிகச் சிறிது, பயன் பெரிது.

எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் வாயைக் குழாய் மூலம் கூரை உயரத்துக்கு ஏற்றினோம். இணைப்புகள் யாவும் காற்றுப் புகாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் உயர்ந்த குழாயால் பயனில்லை.

முன்னும் பின்னும் சட்டகத்தோடு சேர்த்து உறுதியான இழுவைக் கொக்கிகள் பூட்டினோம். வண்டிக்குள் நைலோன் கயிறு, மண்வெட்டி, காற்றடிக்கும் பம்பி, காற்றுமானி, ஜக்கு, ஜக்கின் கீழ் வைக்கத் தடித்த பலகை ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கினோம். தென்னை மட்டைகளும் நல்ல துணை. சில்லின் கீழ் போட்டால் வண்டி ஏறிவரும். கயிறு கட்டி இழுக்கும்போது அதன் நடுவில் நனைந்த சாக்கைப் போடுங்கள். எல்லோரும் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். அறுந்த கயிறு ஆளைக் கொல்லும்.

வண்டியை உயர்த்தும் ஆசைக்கு முடிவு கட்டியவர்கள் பெண்களே. ஒரு தாய் ஏறிப் பார்த்துவிட்டு, "இப்பவே ஏற ஏலாம இருக்கு. இன்னும் தூக்கினா வயித்துப் பிள்ளக்காறி எப்படிப் பாதர் ஏறுவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எவரிடமும் பதில் இருக்கவில்லை. உயர்த்துவதற்குப் பதிலாக, கையால் எடுத்து வைக்கும் மரப்படி ஒன்று செய்தோம். பின் ஆசனங்களைக் கழற்றி, ஒருவர் நீட்டிப் படுக்கும் அளவுக்குப் பலகைத் தட்டு அமைத்தோம்.

இவ்வாறான மாற்றங்களுக்கு முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கேட்டு, அனுமதி வேண்டியவற்றுக்கு அனுமதி பெறுங்கள். அனுமதியற்ற மாற்றத்தால் விபத்தின்போது காப்புறுதியும் கிடைக்காமற் போகலாம்.

6. தண்ணீர்: என்னுடைய பிழை

இப்போது என் கதையைச் சொல்கிறேன். 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தின்போது நான் இளங்குரு. படுவான்கரையில் ஓர் ஊரிலிருந்து பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவர ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். வழியை மூடித் தண்ணீர் நின்றது. நான்கு சில்லு இயக்கம் இருக்கிறதே என்ற துணிவில், இறங்கிப் பார்க்காமலே வேகமாக ஓட்டினேன். பாதி வழியில் எஞ்சின் பெரும் சத்தத்துடன் நின்றது. தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளிருந்த இணைப்புத் தண்டு வளைந்தது. நோயாளியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, ஊரவர்களே கரை சேர்த்தனர். அவர் பிழைத்தார், இறைவனுக்கு நன்றி. ஆனால் என்னால் ஒரு மணித்தியாலம் வீணானது. கெட்ட எண்ணத்தால் அல்ல, எல்லை தெரியாமையால் வந்த பிழை அது. எல்லை தெரியாத நல்லெண்ணமும் ஆபத்தானதே.

பாரமான வண்டி மிதக்காது என்று நினைப்போர் உண்டு. கணக்கைப் பாருங்கள். இவ்வண்டியின் அடித்தளப் பரப்பு ஏறக்குறைய ஆறு ஏழு சதுர மீற்றர். தண்ணீர் அடித்தளத்துக்கு மேல் 10 சென்ரிமீற்றர் ஏறினால், உள்ளே புகும்வரை அது 600 முதல் 700 கிலோ பாரத்தைத் தூக்குகிறது. 30 சென்ரிமீற்றர் ஏறினால் ஏறக்குறைய இரண்டு தொன். அதுவே வண்டியின் முழு நிறை. அப்போது சில்லு தரையைப் பற்றாது. ஓடும் நீர் வண்டியை மரக்கட்டையைப் போலக் கொண்டுபோகும்.

எனவே எங்கள் விதி இது: நிற்கும் நீரில் சில்லின் நடு உயரத்துக்கு மேல் இறங்குவதில்லை. ஓடும் நீரில் ஒரு அடிக்கு மேல் இறங்குவதில்லை. முதலில் பகலில், தடியுடன் இருவர் நடந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாத நீரிலும் முதலை உள்ள இடத்திலும் வண்டியும் போகாது. இறங்கினால் நடைவேகத்தில், நிறுத்தாமல், கியர் மாற்றாமல் போக வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்து வெளியே எடுங்கள். வாவி நீர் உப்புக் கலந்தது. வந்தவுடன் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி, கிறீஸ் அடிக்க வேண்டும். பிறேக்கையும் பார்க்க வேண்டும்.

7. சோதனை: இலகுவிலிருந்து கடினத்துக்கு

சோதனை என்பது வீரம் காட்டுவதல்ல. ஒருமுறைக்கு ஒரு காரியத்தை மட்டும் மாற்றிப் பார்த்து, கண்டதைக் கொப்பியில் எழுதுவது. நாங்கள் செய்த ஒழுங்கு வருமாறு.

முதற் சோதனை: தார் வீதியில் 20 கிலோமீற்றர். சூட்டுமானி, பிறேக், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பார்த்தோம்.

இரண்டாம் சோதனை: காய்ந்த மணல். 30 இறாத்தல் காற்றுடன் போனபோது வண்டி புதைந்தது. காற்றை 18க்கு இறக்கியதும் அதே இடத்தில் ஏறிவந்தது. காரணம் எளிது. ஒரு சில்லின் மேல் ஏறக்குறைய 500 கிலோ நிற்கிறது. 30 இறாத்தலில் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 240 சதுர சென்ரிமீற்றர். 18இல் அது சுமார் 400 ஆகும். பாரம் பரவுவதால் புதைவு குறைகிறது. மாற்றங்கள் யாவற்றிலும் செலவே இல்லாதது இதுதான். ஆனால் காற்றுக் குறைந்த டயருடன் வேகமாக ஓடவோ, சடுதியாகத் திருப்பவோ கூடாது; டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். தார் வீதிக்கு ஏறுமுன் மீண்டும் காற்றடிக்க வேண்டும்.

மூன்றாம் சோதனை: ஈரமான வயல் வழி, முதலில் வெறும் வண்டி, பின்பு மணல் மூட்டைகளுடன். மனிதரை ஏற்றிச் சோதிக்க வேண்டாம்.

நான்காம் சோதனை: சேறு. ஓர் உழவு இயந்திரத்தைக் கயிற்றுடன் அருகில் நிறுத்தி வைத்தே இதைச் செய்தோம். நகராத சில்லைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் குழிதான் ஆழமாகும். மூன்று வினாடிக்குள் நகராவிட்டால் நிறுத்திப் பின்னுக்கு எடுக்க வேண்டும் என்று விதி செய்தோம்.

ஐந்தாம் சோதனை: சில்லின் நடு உயரத்துக்கு நிற்கும் நீர். பின்னர் அச்செண்ணெயைச் சிறிது இறக்கிப் பார்த்தோம், வெளுக்கவில்லை.

ஆறாம் சோதனை: வாடியிலிருந்து தார் வீதிவரை, படுக்கையில் மணல் மூட்டை வைத்து, நேரம் குறித்து ஓடினோம். மழையற்ற நாளில் இருபது நிமிடம். ஒருநாள் மழைக்குப் பின் நாற்பது நிமிடம். மூன்று நாள் தொடர் மழைக்குப் பின் அந்த நானூறு மீற்றர்த் தாழ்வில் வண்டி சிக்கியது. உழவு இயந்திரமே இழுத்தது.

இளைஞர்கள் சோர்ந்து போனார்கள். எனக்கோ அன்றுதான் மனம் அமைதியடைந்தது. ஏனெனில் வண்டியின் எல்லை இப்போது தெரிந்துவிட்டது. அதைப் பகலில், நோயாளி இல்லாத நேரத்தில், கயிறும் உழவு இயந்திரமும் அருகில் இருக்கையில் அறிந்துகொண்டோம்.

8. எல்லை தெரிந்த பின்

தாழ்வின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு கம்பம் நாட்டிச் சிவப்புக் கோடு போட்டோம். தண்ணீர் கோட்டுக்கு வந்தால் ஜீப் இறங்காது. அப்போது ஜீப் வீதிப்பக்க மேட்டில் நிற்கும். உழவு இயந்திரப் பெட்டி நோயாளியைத் தாழ்வைக் கடந்து அதுவரை கொண்டுவரும். யார் சாரதி, யார் உழவு இயந்திரக்காரர், யார் 1990க்கு அழைப்பது என்று பெயர் எழுதி வாடியில் தொங்கவிட்டோம். யானை நடமாடும் இரவுகளில் தனியே எவரும் போவதில்லை என்றும் தீர்மானித்தோம்.

பெரிய டயருக்கென்று இளைஞர்கள் சேர்த்து வைத்த பணம் மிஞ்சியது. குழு அதைக்கொண்டு தாழ்வில் கிறவல் போடவும் மதகு வைக்கவும் பிரதேச சபையிடமும் கமநல சேவைகள் நிலையத்திடமும் மனுக் கொடுத்து, தன் பங்காகச் சிரமதானத்தையும் அப்பணத்தையும் தர முன்வந்தது. ஐந்து கிலோமீற்றர் வீதி கேட்டால் பெரிய தொகை. நானூறு மீற்றர் என்று அளந்து, குறித்து, கொப்பியுடன் போய்க் கேட்டபோது அலுவலர்கள் காது கொடுத்தனர். கிறவல் வந்து சேருமா என்பது இதை எழுதும்வரை முடிவாகவில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதை வண்டியைச் சோதித்ததன் மூலமே அறிந்தோம்.

ஒரு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதைவிட, எங்கே நிற்கும் என்பதை அறிந்தவரே அதை நம்பி ஓட்டலாம். வழியை இழந்து வாழும் நமக்கு வண்டியும் வேண்டும், வழியும் வேண்டும். இரண்டுக்கும் முதற்படி, நாமே நடந்து அளந்து பார்ப்பதுதான்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் வட்டை வழியில் மாரியில் உண்மையாகத் தடையாவது எத்தனை மீற்றர்? அளந்து பார்த்தீர்களா?

2. இரவில் ஒருவருக்குப் பாம்பு கடித்தால், வாடியிலிருந்து தார் வீதிவரை யார், எதில் கொண்டுவருவார்கள்?

3. உங்கள் குழுவின் இயந்திரங்களுள் ஒன்றை எடுத்து, அதன் எல்லை என்ன என்று சொல்லுங்கள். அதை எவ்வாறு அறிந்தீர்கள்?

4. வண்டி, கருவி வாங்கும் தீர்மானங்களில் பெண்களிடம் கருத்துக் கேட்கப்படுகிறதா? கேட்டிருந்தால் எது மாறியிருக்கும்?

5. கையில் உள்ள பணத்தை இயந்திரத்தை மாற்றச் செலவிடுவதா, வழியைத் திருத்தச் செலவிடுவதா? உங்கள் ஊரின் நிலையைக் கொண்டு பேசுங்கள்.